வெளியே இருக்கும் தட்டு

மில்காவ் என்கிற உருளைக்கிழங்கு அடையை ஒரு ஆளுக்கு மட்டும் செய்ய முடியாது. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதி உருளைக்கிழங்கைப் பச்சையாகத் துருவ வேண்டும். துருவலைத் துணியில் கட்டி, முறுக்கிப் பிழிய வேண்டும். மறுபாதியை அவித்து மசித்து, இரண்டையும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் கொழுப்பில் பொரித்த பன்றித் துணுக்குகளை வைத்துத் தட்ட வேண்டும். இத்தனை பாடும் ஒரே ஒரு அடைக்காகவா? துணியை முறுக்கவே இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு முனை. எர்சிரா சிகுவாய் ஒரு முனையைக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு மறுமுனையைத் தான் முறுக்கினாள். கதவு நன்றாகத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் பேச்சுக் கொடுக்காது.

இரண்டு வருஷமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

தென்கோடிக் கடலில், சிலோயே என்ற பெருந்தீவின் பக்கத்தில், பெரிய படகுகள் எட்டிக்கூடப் பார்க்காத தீவு எங்களுடையது. அதன் கிழக்கு முனையில் ஆறு வீடுகள். கடைசி வீடு எர்சிராவுடையது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கேக்க வந்தவன் பசியோட வந்தான், சாப்பிட்டுட்டுப் போய்ட்டான்" என்பாள். அது பொய் என்று எங்களுக்குத் தெரியும். அம்மா படுக்கையில் கிடந்தாள், அப்புறம் அண்ணன் எரிபெர்த்தோவின் மனைவி கைக்குழந்தையை விட்டுவிட்டுச் செத்துப்போனாள், அந்தக் குழந்தை யாஸ்னாவை வளர்க்க ஆள் வேண்டியிருந்தது. வளர்த்து ஆளாக்கினாள். யாஸ்னா படித்துப் புவெர்த்தோ மோந்த் நகரத்துக்கு வேலைக்குப் போனாள். வீட்டில் மிஞ்சியது அண்ணனும் தங்கையும்.

எர்சிராவின் சமையல் காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை. தோட்டத்தையும் காட்டையும் கடலையும் பார்த்து நடப்பது. வசந்தத்தில் இளம் பூண்டுத்தாள், கோடையில் அவரையும் பட்டாணியும், மார்ச் பிறந்தால் புதரில் முர்த்தாப் பழம், ஏப்ரலில் உருளைக்கிழங்கு தோண்டுவது, மே மாத மழையில் காட்டு மரங்களின் அடியில் கிளைகிளையாய்ப் பிரியும் மஞ்சள் காளான். கடல் உள்வாங்கும் நாளில் மண்வெட்டியும் கூடையுமாகப் போய்ச் சிப்பி தோண்டுவாள். பாறையில் படர்ந்த கருநீலப் பாசியைச் சுரண்டி வந்து, அவித்து, அச்சுவெல்லம் மாதிரிக் கட்டிகளாக்கி அடுப்புக்கு மேலே காய வைப்பாள். கடைக்குப் போவது உப்புக்கும் மாவுக்கும் மாத்தே இலைக்கும்தான்.

அந்த மாத்தேயும் ஒரு தொல்லை. சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒருவர் உறிஞ்சி முடித்து அடுத்தவரிடம் நீட்டுவதுதான் அதன் அழகு. எரிபெர்த்தோ போனபிறகு எர்சிரா தானே ஊற்றி, தானே உறிஞ்சி, தனக்கே நீட்டிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் சில நாள் கை எதிர் நாற்காலி வரை போய்விட்டுத் திரும்பும்.

எரிபெர்த்தோ செத்தது முந்தின வருஷத்துக்கு முந்தின மே மாதம், நெஞ்சுச்சளியில். ஜூனில் வெட்டுவதற்காகக் கொழுக்க வைத்த பன்றி பட்டியில் நின்றது. பன்றியைப் பெண்ணொருத்தி தனியாக வெட்டிவிட முடியாது. பிடிக்க நாலு ஆள், மயிர் சுரண்ட ரெண்டு ஆள், குடல் கழுவ, கொழுப்பு உருக்க என்று வீடு நிறைய ஆள் வேண்டும். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். அவள் கூப்பிடவில்லை. படகில் வந்த வியாபாரிக்கு அதை விற்றுவிட்டு, பட்டியின் கதவைக் கயிற்றால் கட்டினாள்.

பன்றி போனதில் கறி போனது பெரிதில்லை. யோக்கோ போனதுதான் பெரிது. எங்கள் தீவில் பன்றி வெட்டுகிற வீடு அன்றைக்கே அக்கம்பக்கத்துக்கெல்லாம் தட்டு அனுப்பும். வேகவைத்த கறி, ரத்தத்தை அடைத்துச் செய்த குடல், பொரித்த துணுக்கு, சூடு ஆறாத மில்காவ். அதற்குப் பெயர்தான் யோக்கோ. வாங்கிய வீடு அந்தத் தட்டைக் கழுவி அலமாரியில் வைத்துக்கொள்ளும். எப்போது தன் பன்றியை வெட்டுகிறதோ, அப்போது அதே தட்டு நிறைந்து திரும்பிப் போகும். அதனால் குளிர்காலம் முழுக்க எல்லார் அலமாரியிலும் எல்லார் தட்டும் கலந்து கிடக்கும். எது யாருடையது என்று தெரிய அடியில் படகுப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்திருப்போம். எர்சிரா வீட்டுப் பொட்டு சிவப்பு. எரிபெர்த்தோ வைத்தது.

அவன் செத்த அந்த முதல் குளிர்காலத்தில் ஒர்பெலினா வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. வாங்கிக்கொண்ட எர்சிராவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பட்டி காலி. பன்றி இல்லாதவள் அடுத்தவள் தட்டை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பது? மறுநாள் காலையிலேயே தட்டைக் கழுவித் துடைத்து, அதன்மேல் ஒரு பாட்டில் முர்த்தா ஜாமை வைத்து, நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மரியாதையாக நடந்துகொண்டோம் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் தட்டு வரவில்லை.

பன்றியின் அலறல் மட்டும் வரும். எந்த வீட்டுப் பன்றி என்று அவளுக்குக் குரலை வைத்தே தெரியும். மேசையைத் துடைப்பாள், கெட்டிலை ஏற்றுவாள், தலையைச் சீவிக்கொள்வாள். மத்தியானம் ஆகும். ஜன்னல் வழியே பார்த்தால், துணி மூடிய தட்டோடு யாராவது சேற்றில் வழுக்காமல் நடந்து போவார்கள். வேலிப்படல் வரை வருவார்கள், பக்கத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். எர்சிரா பாசியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்காருவாள். அது ருசியான குழம்புதான். ஆனால் பாதியிலேயே கிண்ணத்தை நகர்த்திவிடுவாள். பசியை விட அவமானம் பொல்லாதது. ஊர் தன்னை மறந்துவிட்டது என்று அவள் நம்பினாள்.

இந்த ஜூன் மாதம் யாஸ்னா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, ரூம் ரெடி. ஜன்னல்ல இருந்து பாத்தா கடல் தெரியும். இன்னும் என்ன யோசனை?"

"கடல் இங்கயும் தெரியுதுடி."

"அங்க கடல் மட்டும்தான் தெரியுது. ஆள் தெரியுதா? நீங்க விழுந்து கெடந்தா யார் வந்து பாப்பா?"

எர்சிரா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். யாஸ்னா குரலைத் தணித்துக்கொண்டாள். "இந்த மாசம் இருபத்திநாலு, சான் ஹுவான் திருநாளுக்குள்ள சொல்லிடுங்க. வேற ஒருத்தி அந்த ரூமை வாடகைக்குக் கேக்குறா."

அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து எர்சிரா ஒரு முடிவுக்கு வந்தாள். போவதா இருப்பதா என்று தானே குழம்பிக்கொண்டு கிடப்பானேன்? ஊரைக் கேட்டுவிட்டால் போகிறது. வாயால் இல்லை, தட்டால். ஐந்து வீட்டுக்கும் யோக்கோ அனுப்புவாள். பன்றி இல்லாத யோக்கோ. ஒரே ஒரு வீடாவது அந்தத் தட்டைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டால் அவள் தீவிலேயே இருப்பாள். ஒருவரும் வைத்துக்கொள்ளாவிட்டால் புவெர்த்தோ மோந்துக்குப் படகேறுவாள்.

மூன்று நாள் வேலை. முதல் நாள் கடல் உள்வாங்கிய நேரத்தில் கூடை நிறையச் சிப்பி. கை மரத்துப்போய், திரும்பும்போது மண்வெட்டியைக் கையில் பிடித்திருப்பதே தெரியவில்லை. இரண்டாம் நாள் காட்டுக்குள், காளானுக்கு. ஜூனில் காளான் முடிந்துபோகும். ஆனால் ஓடையை ஒட்டிய ஒரு சரிவில் கடைசிக் கொத்துகள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எரிபெர்த்தோவும் அவளும் தவிர அந்த இடம் யாருக்கும் தெரியாது. இப்போது அவளுக்கு மட்டும்தான் தெரியும். முழங்கால் ஈரத்தில் குந்தி உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தபோது, தான் செத்தால் இந்தச் சரிவும் தன்னோடு போய்விடும் என்று தோன்றியது. அழுகை வந்தது. யாருமில்லாத காடு, தாராளமாக அழுதாள்.

மூன்றாம் நாள் கதவுக் கொண்டியில் துணியை மாட்டிப் பிழிந்தாள். கொழுப்பு இல்லாததால் மில்காவைப் பொரிக்க முடியாது, வெந்நீரில்தான் வேக வைத்தாள். பூண்டு போட்டுக் காளானை வதக்கினாள். சிப்பியைப் பாசிக் குழம்பில் சேர்த்துக் கெட்டியாக்கினாள். சீமைமாதுளையோடு காய்ச்சிய முர்த்தாவை ஓரத்தில் வைத்தாள். சிவப்புப் பொட்டுத் தட்டுகள் ஐந்தும் வெகுநாள் கழித்து அடுப்புச் சூட்டில் வரிசையாக நின்றன.

மழையில் நனைந்தபடி ஒவ்வொரு வீடாகப் போனாள். முதலில் நெல்டா. நாற்பது வயது, நல்ல மனசு, ஓட்டைவாய்.

"என்னக்கா இது? உங்ககிட்டதான் பன்னியே இல்லையே!"

"பன்னி இல்லாத யோக்கோ. சாப்பிட்டுப் பாரு, செரிக்கும்."

"யோக்கோவா?" நெல்டா தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரிக்கா… சரிக்கா."

தேவாலயத்துச் சாவி வைத்திருக்கும் கிழவர் பெலிசாரியோ துணியைத் தூக்கிப் பார்த்தார். "என் பல்லுக்கு இது ஆகுமாம்மா?"

"பல்லு இருக்கிறவங்கதான் அந்தக் கவலை படணும் பெரியப்பா."

அவர் சிரித்த சிரிப்பில் எர்சிராவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அடுத்த இரண்டு வீட்டிலும் நல்லபடியாகவே வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் ஒர்பெலினா. எர்சிராவை விட நாலு வயது மூத்தவள். வாயைத் திறந்தால் உப்புக் காற்றடிக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் தேவாலயத் திருவிழாவில் நாலு பேர் முன்னால் எர்சிராவின் மில்காவைப் பிட்டுப் பார்த்து, "பிழியறதுக்குக் கையில தெம்பில்லையா?" என்று கேட்டவள். அதை எர்சிரா மறந்ததில்லை. ஒர்பெலினா வாசலிலேயே நின்று தட்டை வாங்கி முகர்ந்தாள்.

"கொழுப்பு எங்க?"

"இல்ல."

"ம்." கதவு மூடிக்கொண்டது.

சாயங்காலம் நெல்டா வந்தாள். எர்சிராவின் தட்டைப் பளபளவென்று கழுவியிருந்தாள். அதன்மேல் ஒரு பாக்கெட் சர்க்கரை. "அருமையா இருந்துச்சுக்கா. தட்டைக் கையோட கொண்டாந்துட்டேன். உங்களுக்கு இப்படித்தானே புடிக்கும்."

எர்சிரா தலையாட்டினாள். வேறென்ன செய்ய? விடிந்ததும் பெலிசாரியோ தட்டும் தேயிலை டப்பாவுமாக வந்தார். மத்தியானத்துக்குள் மற்ற இரண்டு தட்டும் வந்துவிட்டன, ஒன்றில் பிஸ்கட், ஒன்றில் சேமியா. எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். "தனியா இருக்கீங்க, உங்களுக்கு எதுக்கு பாரம்" என்றார்கள். நாலு பொருளையும் மேசைமேல் வைத்துவிட்டு எர்சிரா அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கடைச்சரக்கு. ஒருவர் கையும் அதில் படவில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஒர்பெலினாவின் தட்டு வரவில்லை. ஆனால் அவளை எர்சிரா கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த அம்மாள் தட்டைக் கழுவக்கூடச் சோம்பல்பட்டிருப்பாள் என்று நினைத்தாள்.

"சனிக்கிழமைப் படகுல வர்றேன்" என்று யாஸ்னாவிடம் சொன்னாள். யாஸ்னா அந்தப் பக்கம் கத்திய கத்தலில் காது அடைத்தது. எர்சிரா கோழிகள் ஆறையும் நெல்டாவிடம் கொடுத்தாள். விதை உருளைக்கிழங்கைச் சாக்கில் கட்டினாள். நகரத்தில் அதை எங்கே நடப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது, ஆனாலும் கட்டினாள். தட்டுகளைத் துணியில் சுற்றும்போது ஒன்று குறைந்தது. அண்ணன் கையால் பொட்டு வைத்த தட்டை அந்த வாயாடியிடம் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒர்பெலினாவின் கதவைத் தட்டினாள்.

"தட்டை வாங்கிட்டுப் போக வந்தேன் அக்கா."

ஒர்பெலினா ஈரக்கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். "எந்தத் தட்டு?"

"யோக்கோ தட்டு."

"நான் இன்னும் பன்னி வெட்டலையே."

"பரவால்ல. குடுங்க. நாளைக்குப் படகேறுறேன்."

"நீ படகேறு, பாய்மரம் ஏறு, எனக்கென்ன? தட்டு இங்கதான் இருக்கும். ஆகஸ்ட் தேய்பிறையில வெட்டுறேன். அப்ப நிறைச்சுக் குடுப்பேன். ஒர்பெலினா வாங்கித் தின்னுட்டு ஏமாத்திட்டான்னு ஊர் பேசணுமா?"

எர்சிராவுக்குச் சுரீரென்று ஏறியது. "ஊரா? ரெண்டு வருஷமா எந்த வீட்டுலேர்ந்தாவது என் வாசலுக்கு ஒரு தட்டு வந்துச்சா? நாலு வீட்டுல மறுநாளே மூஞ்சில அடிச்ச மாதிரித் திருப்பிக் குடுத்தாங்க. சர்க்கரை பாக்கெட்டோட!"

"பின்ன? வேற எப்படிக் குடுப்பாங்க?" ஒர்பெலினாவின் குரல் எகிறியது. "அதை ஆரம்பிச்சு வச்சது யாருடி? எரிபெர்த்தோ செத்த வருஷம் மொதத் தட்டு நான்தான் அனுப்பினேன். நல்ல விலாக்கறியாப் பாத்து வச்சேன். நீ என்ன பண்ண? விடிஞ்சும் விடியாம கழுவித் தொடைச்சு, ஒரு ஜாம் பாட்டிலை மேல வச்சு, 'இந்தா, நேர் பண்ணியாச்சு, உங்க சங்காத்தமே வேண்டாம்'ங்கிற மாதிரிக் குடுத்துட்டுப் போன!"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"வாயால சொன்னாத்தானா? அந்த ஜாமை நான் தொறக்கவே இல்ல, தெரியுமா? நெல்டாகிட்ட சொன்னேன், அவ ஊருக்கே சொன்னா. எர்சிரா யார்கிட்டயும் கொடுக்கல் வாங்கல் வேண்டாங்கிறா, தனியா இருக்க ஆசைப்படுறா, தொந்தரவு பண்ணாதீங்கன்னு எல்லாரும் ஒதுங்கிக்கிட்டாங்க. இப்ப நீ கொண்டாந்து குடுத்ததும், உனக்குப் புடிச்ச மாதிரி மறுநாளே திருப்பினாங்க. மரியாதைக்கு!"

எர்சிரா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு குளிர்காலம். கெட்டிலை ஏற்றிவிட்டுத் தலைசீவிக் காத்திருந்த மத்தியானங்கள். கதவைச் சாத்தியது ஊர் இல்லை, அவள்தான். சாத்தியது தெரியாமலே உள்ளே உட்கார்ந்து, ஏன் ஒருவரும் வரவில்லை என்று அழுதிருக்கிறாள்.

"பன்னி இல்லையேன்னு வெக்கமா இருந்துச்சு அக்கா," என்றாள். "அதான்."

ஒர்பெலினா மறுபடியும் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். "சிப்பிக் குழம்பு நல்லா இருந்துச்சு," என்றாள். "மில்காவ்தான் ஈரத்துணியை மெல்ற மாதிரி. இப்பவும் ஒழுங்காப் பிழிய வரல உனக்கு."

"கதவு எவ்வளவு பிழியுமோ அவ்வளவுதான் பிழியும்."

"கதவா?"

எர்சிரா படியிறங்கினாள். அலமாரியில், ஒர்பெலினாவின் தட்டுகளுக்கு நடுவே, தன்னுடையது குப்புறக் கவிழ்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. சிவப்புப் பொட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானமே யாஸ்னாவைக் கூப்பிட்டாள். "நாளைக்கு வரல. ஒரு தட்டு வெளிய இருக்கு."

"என்னது? ஒரு தட்டுக்காகவா அத்தை? இங்க நான் டஜன் கணக்குல வாங்கித் தர்றேன்!"

"நீ தீவுல பொறந்தவதானே? தட்டு வெளிய இருக்கும்போது எப்படிடி கெளம்புறது? அது வரட்டும், பாக்கலாம்."

அதற்காக ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் நான் புளுகன். நெல்டா கோழிகளைத் திருப்பித் தந்தாள். ஆறு போனது, ஐந்து வந்தது. எர்சிரா கேட்டுக்கொள்ளவில்லை. ஜூலையில் மூன்று வீட்டில் பன்றி அலறியது, தட்டுகள் வேலிப்படல் வரை வந்து திரும்பிப் போயின. இரண்டு வருஷப் பழக்கம் இரண்டு வாரத்தில் போய்விடுமா? எர்சிரா தனியாகவே மாத்தே குடித்தாள், தனியாகவே பாசிக் குழம்பு தின்றாள், மழையைப் பார்த்தாள். இந்த முறை அழவில்லை. நாட்களை மட்டும் எண்ணினாள்.

ஆகஸ்ட் தேய்பிறையில் ஒர்பெலினாவின் பன்றி அலறியது. எர்சிரா மேசையைத் துடைக்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்தாள். மத்தியானம் தாண்டி ஒர்பெலினாவே வந்தாள், துணி மூடிய தட்டோடு, மூச்சு வாங்க.

"உள்ள வாங்கக்கா."

"அடுப்புல கொழுப்பு உருகிட்டிருக்கு. நிக்க நேரமில்ல." தட்டைக் கையில் திணித்துவிட்டு அவள் சேற்றில் இறங்கிப் போய்விட்டாள்.

எர்சிரா எதிர் நாற்காலியைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். விலாக்கறி, ரத்தக்குடல், கொழுப்பில் மின்னும் இரண்டு மில்காவ். நன்றாகத்தான் பிழிந்திருந்தாள், பாவி. தின்னத் தின்னக் கண்ணில் தண்ணீர் வந்தது. எரிபெர்த்தோ இருந்திருந்தால் பெரிய துண்டை அவன்தான் எடுத்திருப்பான்.

தட்டைக் கழுவித் துடைத்து, சுற்றி வைத்த மற்ற நான்கோடு சேர்க்கலாம் என்று திருப்பினாள். அடியில் சிவப்புப் பொட்டு இல்லை. பச்சைப் பொட்டு இருந்தது. ஒர்பெலினா வீட்டுப் பொட்டு.

அப்படியென்றால் சிவப்புப் பொட்டு இன்னும் ஒர்பெலினாவின் அலமாரியிலேயே இருக்கிறது. எர்சிரா மூட்டையை அவிழ்த்துத் தன் தட்டுகளை அலமாரியில் அடுக்கி, பச்சைப் பொட்டை அவற்றுக்கு நடுவே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யாஸ்னா கூப்பிட்டாள். "அத்தை, ஒர்பெலினா பெரியம்மா வீட்டுல வெட்டிட்டாங்களாமே, நெல்டாக்கா சொன்னா. உங்க தட்டு வந்துருச்சா?"

"இல்லடி," என்றாள் எர்சிரா. "என் தட்டு இன்னும் வரல."